அத்தியாயம் 6: சுவருக்கு வாங்கும் அட்டைகள்

2022 ஆகஸ்டில் ஒரே ஒரு பேஸ்பால் அட்டை 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. 1952-இல் டாப்ஸ் நிறுவனம் வெளியிட்ட மிக்கி மாண்டில் அட்டை, எண் 311. அந்தச் செய்தியோடு இந்தப் பொழுதுபோக்கைத் தலைமுழுகியவர்கள் உண்டு. பணக்காரர் விளையாட்டு, நமக்கு எதற்கு என்று. ஆனால் அதே டாப்ஸ் 1975-இல் அச்சடித்த 660 அட்டைகளில் பெரும்பாலானவை இன்றும் ஒரு டாலர், அதிகம் போனால் இரண்டு டாலர். வயது ஐம்பதைத் தொட்டுவிட்டது. சுவரில் மாட்டினால் அறையே எழுந்து உட்காரும்.

ஒரே கம்பெனி, ஒரே தாள், ஒரே மாதிரி அச்சு. பிறகு ஏன் இந்த ஏற்றத்தாழ்வு? அட்டைச் சந்தை பணம் கொடுப்பது முக்கியமாக இரண்டு விஷயங்களுக்கு: படத்தில் இருப்பவர் யார், அட்டையின் நான்கு மூலைகளும் எவ்வளவு கூர்மையாக இருக்கின்றன. சுவருக்கு இந்த இரண்டும் பெரிதல்ல. ஆறடி தள்ளி நின்று பார்ப்பவருக்கு மூலை தெரியாது, பின்பக்கம் தெரியவே தெரியாது. வண்ணமும் முகமும் வடிவமைப்பும்தான் தெரியும். சந்தை எதற்கெல்லாம் விலையைக் குறைக்கிறதோ, அதில் பாதிக்கு மேல் சுவரில் மறைந்துபோகும் குறை. கையைக் கடிக்காமல் சேர்ப்பதற்கான வழி முழுவதும் இந்த இடைவெளியில் இருக்கிறது.

எந்தக் குறை பரவாயில்லை

அட்டைகளை ஆராய்ந்து 1 முதல் 10 வரை மதிப்பெண் போட்டு, கெட்டியான பிளாஸ்டிக் உறைக்குள் மூடித் தரும் நிறுவனங்கள் இருக்கின்றன. பி.எஸ்.ஏ. 1991-இல் தொடங்கியது. எஸ்.ஜி.சி., பெக்கெட் எல்லாம் பின்னால் வந்தவை. மூலை, விளிம்பு, மேற்பரப்பு, படம் நடுவில் அமைந்திருக்கிறதா என்பது, இந்த நான்கையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பார்கள். முன்பக்கம் பளிச்சென்று இருந்தும், 1963-இல் ஒரு பையன் பின்னால் பென்சிலால் தன் பெயரை எழுதிவைத்த பாவத்துக்காக மதிப்பெண் தரைக்கு வந்துவிடும். விலையும் கூடவே இறங்கும்.

ஆகவே சுவருக்கு வாங்குபவர் முதலில் அட்டையைத் திருப்பிப் பார்க்க வேண்டும். பின்பக்கத்தில் எழுத்து, ஆல்பத்திலிருந்து பிய்த்தபோது உரிந்துபோன தாள், சூயிங்கம் ஒட்டிக் கிடந்த கறை, மெழுகுத்தாள் உறையின் எண்ணெய்த்தடம், இவை எல்லாமே உங்களுக்குத் தள்ளுபடிச் சீட்டு. மூலைகள் மழுங்கியிருந்தாலும் வாங்கலாம். மேல் ஓரத்தில் குண்டூசி ஓட்டை இருந்தால், அந்த அட்டை ஏற்கெனவே ஒரு சுவரில் இருந்திருக்கிறது என்று அர்த்தம். தாராளமாக எடுங்கள்.

விடவேண்டியவை வேறு. முகத்தின் குறுக்கே ஓடும் மடிப்பு, வெயிலில் வெளிறிய வண்ணம், முன்பக்கத்தில் பேனா மை. படம் ஒரு பக்கமாக ஒதுங்கி ஒரு ஓரம் பட்டையாகவும் எதிர் ஓரம் நூல் அளவாகவும் இருந்தாலும் வேண்டாம். தனியாகப் பார்க்கும்போது அது உறுத்தாது. வரிசையில் வைத்தால் அந்த ஒன்று மட்டும் கோணலாகவே தெரியும்.

ஓரம் வெட்டிய அட்டைகள் ஒரு தனிக் கதை. மழுங்கிய மூலையைக் கூராக்க எவரோ ஒருவர் எப்போதோ கத்தியால் சீவியிருப்பார். சந்தை இதைக் குற்றமாகவே பார்க்கிறது, விலையும் அதற்கேற்பப் படுத்துவிடும். விற்பவர் மறைக்காமல் சொல்லி விற்றால், சுவருக்கு வாங்குவதில் தவறில்லை. நாளைக்கு நீங்கள் விற்கும்போதும் அதைச் சொல்லித்தான் விற்க வேண்டும், அவ்வளவுதான்.

எந்த ஆண்டு

அட்டைகளை ஆட்டக்காரர் பெயரை வைத்துத் தேடுவது பழக்கம். சுவருக்கு ஆண்டை வைத்துத் தேடுவது நல்லது. டாப்ஸ் ஒவ்வொரு ஆண்டும் வடிவமைப்பை மாற்றியது. ஒரே ஆண்டின் ஒன்பது அட்டைகளை அடுக்கினால் தானாகவே ஒரு ஒழுங்கு வந்துவிடும். அதில் எட்டுப் பேர் பெயர் யாருக்கும் தெரியாது என்பது ஒரு குறையே இல்லை.

என் முதல் சிபாரிசு 1975. ஓரம் முழுக்க இரட்டை நிறம். மேலே ஆரஞ்சு, கீழே பழுப்பு, மேலே ஊதா, கீழே இளஞ்சிவப்பு, பச்சைக்கு மஞ்சள். அணியின் பெயர் பெரிய எழுத்தில் தலைமாட்டில், படத்தின் மேல் ஆட்டக்காரரின் கையெழுத்து நகல், மூலையில் ஒரு குட்டிப் பந்து, அதற்குள் அவர் ஆடும் இடம். இந்தத் தொகுதியில் ஜார்ஜ் பிரெட், ராபின் யவுண்ட் இருவரின் முதல் அட்டைகளும் உள்ளன. அவை போன்றவை விலை அதிகம். மற்றவற்றில் நிறம் பார்த்துப் பொறுக்குங்கள்.

1972-ஐயும் பார்க்கலாம். அணியின் பெயர் வளைவு வளைவாக, நாடகக் கொட்டகை விளம்பரம் போல மேலே பொங்கி நிற்கும். 1959-இல் படம் வட்டத்துக்குள், சுற்றிலும் ஒரே பட்டை நிறம். 1955-இல் பௌமன் நிறுவனம் ஆட்டக்காரரை மரப்பெட்டித் தொலைக்காட்சிக்குள் உட்காரவைத்தது. அமெரிக்க வீடுகளில் தொலைக்காட்சி நுழைந்துகொண்டிருந்த காலம். அடுத்த ஆண்டே டாப்ஸ் பௌமனை விலைக்கு வாங்கிவிட்டது, ஆகவே அதுதான் பழைய பௌமன் நிறுவனத்தின் கடைசி பேஸ்பால் வரிசை.

1971-ஐப் பற்றி ஒரு எச்சரிக்கை. அந்த ஆண்டு ஓரம் முழுக்கக் கறுப்பு. பார்க்க அத்தனை கம்பீரம். ஆனால் கறுப்பு மை விளிம்பில் லேசாகப் பட்டாலே உதிரும், உள்ளே இருக்கும் வெள்ளைத் தாள் பல்லைக் காட்டும். சிலர் அதைக் கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் தீற்றி மறைத்துவிடுவார்கள். கண்டுபிடிப்பது எளிது. அட்டையைப் படுக்கையாகப் பிடித்து அதன் கனத்தைப் பாருங்கள். அச்சு மை மேற்பரப்போடு நின்றுவிடும். பேனா மை கனத்துக்குள் ஊறி, வெள்ளையாக இருக்கவேண்டிய விளிம்பில் கறுப்புக் கோடாகத் தெரியும். சாய்த்துப் பார்த்தால் தீற்றிய இடம் மட்டும் ஊதா பளபளப்பு அடிக்கும். தீற்றாத, நேர்மையாக உதிர்ந்த 1971 அட்டை சுவரில் நன்றாகவே இருக்கும். பின்னணி அட்டை மட்டும் கறுப்பாக வேண்டாம்.

1960களின் அட்டைகளில் ஒரு நுணுக்கம் தெரிந்திருந்தால் நிறையப் பணம் மிச்சம். 1973 வரை டாப்ஸ் ஒரு ஆண்டின் அட்டைகளை மொத்தமாக வெளியிடவில்லை. வசந்தத்தில் முதல் நூற்றுச் சொச்சம், பிறகு அடுத்த தொகுதி என்று கோடை முழுக்க வந்துகொண்டிருக்கும். கடைசித் தொகுதி கடைக்கு வருவதற்குள் பள்ளி திறந்துவிடும், பையன்கள் அமெரிக்கக் கால்பந்துப் பக்கம் போய்விடுவார்கள். கடைக்காரரும் குறைவாகவே வரவழைப்பார். அதனால் பெரிய எண் உள்ள அட்டைகள் அரிது, விலையும் அதிகம். அதே வடிவமைப்பு, அதே அழகு சின்ன எண்ணில் பாதிக்கும் குறைவான விலையில் கிடைக்கும்போது பெரிய எண் நமக்கு எதற்கு? மாண்டிலின் 311-ஆம் எண்ணும் இப்படி ஒரு கடைசித் தொகுதியின் முதல் அட்டைதான். 1952-இல் விற்காமல் தேங்கிய அந்தத் தொகுதிப் பெட்டிகளை 1960-இல் படகில் ஏற்றி அட்லாண்டிக் கடலில் கொட்டியதாக, அந்த அட்டைகளை வடிவமைத்த சை பெர்கரே பிற்பாடு சொல்லியிருக்கிறார்.

இன்னும் பின்னால் போனால் சிகரெட் அட்டைகள். 1909 முதல் 1911 வரை அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனியின் பாக்கெட்டுகளில் வந்த, சேகரிப்பாளர்கள் டி206 என்று அழைக்கும் வரிசை. ஹோனஸ் வாக்னர் அட்டை கோடிக்கணக்கில் விலைபோவது இதில்தான். ஆனால் ஐந்நூறுக்கும் மேற்பட்ட அட்டைகள் கொண்ட வரிசை இது. பெயர் தெரியாத ஆட்டக்காரர், மழுங்கிய மூலை என்றால் சில பத்து டாலர்களுக்குள் முடியும். கல்லச்சில் பல மைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி அடித்த படம். பின்னால் அந்தி வானம், காலரை உயர்த்திவிட்ட ஒரு மனிதர். பேஸ்பால் தொடர்பான பொருள்களில் சுவரில் மாட்ட இதைவிட அழகானது இல்லை என்பது என் கட்சி. பட்ஜெட் அனுமதித்தால் ஒன்றே ஒன்று வாங்கி, அதைத் தனியாக, சுற்றிலும் தாராளமாக இடம் விட்டு ஃபிரேம் போடுங்கள்.

சிரிக்கப் பிடிக்கும் என்றால் பிழை அட்டைகளைத் தேடலாம். 1959-இல் லூ பர்டெட் என்ற வலதுகைப் பந்துவீச்சாளர் குறும்புக்காக இடதுகைக்காரர் போல நின்று படம் எடுத்துக்கொண்டார், டாப்ஸ் கவனிக்காமல் அச்சேற்றிவிட்டது. 1969-இல் அவுரேலியோ ரோட்ரிகஸ் பெயரில் வந்த அட்டையில் இருப்பது அவரல்ல, அணிக்கு மட்டை எடுத்துக்கொடுக்கும் பையன். இரண்டுமே எட்டாத விலையல்ல. வீட்டுக்கு வருகிறவர்களிடம் சொல்லக் கதையும் ஆயிற்று.

1980களின் கடைசியிலும் 90களின் தொடக்கத்திலும் வந்தவற்றை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். முதலீடு என்று நம்பி எல்லோரும் வாங்கினார்கள், கம்பெனிகளும் அச்சடித்துத் தள்ளின. பிரிக்காத பெட்டிகள் இன்றும் மலிவாகக் கிடைக்கும். குழந்தைகளுக்குப் பிரித்து விளையாடக் கொடுக்கலாம்.

வாங்கும் இடம்

அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு வார இறுதி அட்டைக் கண்காட்சிகள்தான் முதல் இடம். பள்ளிக்கூட அரங்கிலோ விடுதி மண்டபத்திலோ மேசைகள் போட்டிருப்பார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் மின்னுவதைப் பார்த்து மயங்காமல், மேசையின் ஓரத்திலோ அடியிலோ இருக்கும் 'ஒரு டாலர்' பெட்டிகளுக்குப் போங்கள். முன்னூறு அட்டைகளைப் புரட்டினால் நல்ல முகத்தோடு பத்தாவது கிடைக்கும். மேசையிலேயே அடுக்கிப் பார்த்து, மொத்தமாக எடுத்தால் என்ன விலை என்று கேளுங்கள். கடைசி நாள் மாலையில் பெட்டிகளைத் திரும்பத் தூக்கிப்போக எந்த டீலருக்கும் மனம் இருக்காது.

இணையத்தில் வாங்கினால் 'லோ கிரேடு' (குறைந்த தரம்), 'லாட்' (மொத்தமாக) என்ற சொற்களைச் சேர்த்துத் தேடுங்கள். இரண்டு பக்கப் படமும் போடாத விற்பனையாளரிடம் வாங்க வேண்டாம். தபால்செலவு அட்டை விலையைத் தாண்டிவிடும் அபாயம் எப்போதும் உண்டு என்பதால், ஒன்பதையும் ஒரே ஆளிடம் எடுப்பதுதான் புத்திசாலித்தனம். இந்தியாவிலிருந்து வாங்குபவர்களுக்கு இது இன்னும் பொருந்தும். விடுமுறைக்கு வரும் உறவினரின் கைப்பையில் ஒன்பது அட்டைகள் எடையே தெரியாமல் வந்துசேரும்.

போலிகளுக்கு அதிகம் பயப்பட வேண்டியதில்லை. யாரும் அறியாத இரண்டாம் நிலை ஆட்டக்காரரைப் போலியாக அச்சடித்து யாருக்கு என்ன லாபம்? பெரிய பெயர் மலிவாக வரும்போதுதான் உஷாராக வேண்டும். 1952 வரிசையை டாப்ஸே 1983-இல் மறுபதிப்பாக வெளியிட்டது. அசல் 2⅝ × 3¾ அங்குலம், மறுபதிப்பு 2½ × 3½. ஒரு ஸ்கேல் போதும். மற்றபடி பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று வாங்கிவையுங்கள். அசலில் எழுத்துகளும் கட்டக் கோடுகளும் ஒரே மையில் நிறைவாக அடித்திருக்கும், மறுபதிப்பில் அவையும் புள்ளி புள்ளியாகச் சிதறித் தெரியும். சிகரெட் அட்டை என்று யாராவது நீட்டினால், இருட்டில் புற ஊதா டார்ச்சை அடியுங்கள். நீலவெள்ளையாக ஒளிர்ந்தால் அந்தத் தாள் 1909-ஐப் பார்த்ததில்லை.

ஃபிரேமுக்குள் ஏற்றுவது

1957-இலிருந்து டாப்ஸ் அட்டையின் அளவு 2½ × 3½ அங்குலம் என்று நிலைபெற்றது. கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் 11 × 14 அங்குல ஃபிரேம் இதற்கென்றே அளவெடுத்துச் செய்தது போல அமையும். குறுக்கே மூன்று அட்டைகள் ஏழரை அங்குலம், நடுவில் இரண்டு அரை அங்குல இடைவெளி, இரு பக்கமும் ஒன்றேகால் ஒன்றேகால் என்றால் சரியாகப் பதினொன்று. உயரத்தில் மூன்று அட்டைகள் பத்தரை, அதே இடைவெளி, அதே ஓரம், பதினான்கு. எல்லாப் பக்கமும் ஓரம் சமம். ஃபிரேமின் உதடு கால் அங்குலத்தை விழுங்கிவிடும், கண்ணுக்கு ஒரு அங்குலம் மிஞ்சும். 1956 வரையிலான பெரிய அட்டைகளுக்கு இந்தக் கணக்குச் செல்லாது, புதிதாகப் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு அளவுகளையும் ஒரே ஃபிரேமில் கலக்காதீர்கள்.

ஃபிரேமைப் புதிதாக வாங்குவது வீண்செலவு. பழைய சாமான் கடைகளிலும், வீடு காலி செய்பவர்கள் வாசலில் போட்டு விற்கும் இடங்களிலும் யாரோ ஒருவரின் பூச்சாடி ஓவியத்தோடு நல்ல மரச்சட்டம் சில டாலருக்குக் கிடைக்கும். ஓவியத்தையும், கண்ணாடியையும், பின்னால் இருக்கும் பழுப்பு நெளி அட்டையையும் எடுத்துவிடுங்கள். அந்தப் பழுப்பு அட்டையில் உள்ள அமிலம் காலப்போக்கில் உங்கள் அட்டைகளையும் பழுப்பாக்கும்.

மிச்சம் பிடித்த பணத்தை ஒரே ஒரு இடத்தில் செலவழியுங்கள்: புற ஊதாக் கதிரைத் தடுக்கும் அக்ரிலிக் பலகை. இந்த அளவுக்கு 20, 30 டாலர் ஆகலாம், ஒன்பது அட்டைகளையும் சேர்த்தாலும் அதைவிடக் குறைவாகவே இருக்கும். கை கூசும். ஆனாலும் வாங்குங்கள். வெயிலில் போன நிறத்தை எந்த நிபுணராலும் திரும்பக் கொண்டுவர முடியாது. அக்ரிலிக்கை அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்பான் திரவத்தால் துடைத்தால் மங்கிவிடும். தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மென்துணி போதும். மேலே ஒட்டியிருக்கும் பாதுகாப்புத் தாளை எல்லாம் முடிந்து மூடும்போது உரியுங்கள்.

பின்னணிக்கு அமிலமில்லாத மேட் அட்டை ஒன்று. ஒன்பது ஜன்னல் வெட்டித் தரச்சொன்னால் ஃபிரேம் கடைக்காரர் பெரிய பில் போடுவார். ஜன்னலே வேண்டாம். முழு மேட் அட்டையைப் பின்னணியாக வைத்து அதன்மேல் அட்டைகளை நிறுத்தலாம். 1975-க்கு வெளிர் சாம்பல், 1971-க்கு வெள்ளை, சிகரெட் அட்டைக்கு இளமஞ்சள்.

ஒட்டுவதில்தான் எல்லாம் இருக்கிறது. அட்டையின் மேல் பசை, செல்லோடேப், இரட்டைப் பக்க டேப் எதுவும் படக்கூடாது. பாலியெஸ்டர் ஒளிபுகு மூலைகள் என்று புகைப்பட ஆல்பங்களுக்காக விற்பார்கள். பசை மேட் அட்டையில் ஒட்டும், பேஸ்பால் அட்டை அந்த மூலைகளில் சும்மா செருகி நிற்கும். மூலை நைந்த அட்டையைச் செருகும்போது தாள் இதழ் பிரியலாம். அதற்கு ஒரு மெல்லிய பாலிபுரொப்பிலீன் உறையில் போட்டு, உறையின் முதுகில் மட்டும் டேப் ஒட்டிவிடுங்கள். டாப்லோடர் எனப்படும் கெட்டியான பிளாஸ்டிக் உறையோடு வைக்க நினைத்தால் அதுவும் இதே ஃபிரேமில் அடங்கும். டாப்லோடர் 3 × 4 அங்குலம் என்பதால் இடைவெளி கால் அங்குலமாகவும் ஓரம் முக்கால் அங்குலமாகவும் சுருங்கும், ஃபிரேமின் ஆழமும் கூடுதலாக வேண்டும். எனக்கு அது பிடிப்பதில்லை. பிளாஸ்டிக்குக்கு மேல் பிளாஸ்டிக், இரட்டைப் பிரதிபலிப்பு.

பசையைப் பற்றிப் பேசும்போது ஜெஃபர்சன் பர்டிக்கை விட்டுவிட முடியாது. சிரக்யூஸ் நகரில் மின்சாதனப் பாகங்கள் பூட்டிக்கொண்டிருந்த தொழிலாளி. சொற்ப வருமானத்தில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட அட்டைகளையும் அச்சுத் துண்டுகளையும் சேர்த்து, நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தவர். டி206 என்ற பெயரே அவர் போட்ட பட்டியலில் இருந்து வந்ததுதான். மூட்டுவலியோடு ஆண்டுக்கணக்கில் அருங்காட்சியகத்தில் உட்கார்ந்து ஆல்பங்களில் அட்டைகளை ஒட்டி, 1963 தொடக்கத்தில் வேலையை முடித்தார். சில வாரங்களில் இறந்தும் போனார். ஆம், ஒட்டினார், வாக்னர் உட்பட. அவர் செய்ததில் மற்ற எல்லாவற்றையும் பின்பற்றலாம்.

அட்டைகளின் முகம் அக்ரிலிக்கைத் தொடக்கூடாது. ஈரக்காற்றில் மை பலகையோடு ஒட்டிக்கொண்டால் பிரிக்கும்போது முகம் அதிலேயே தங்கிவிடும். ஃபிரேம் உதட்டுக்கு அடியில் நாலு பக்கமும் எட்டில் ஒரு அங்குலக் கனத்தில் பிளாஸ்டிக் பட்டை வைத்தால் இடைவெளி கிடைக்கும். பட்டை வெளியே தெரியாது.

மூடுவதற்கு முன் ஒன்பதையும் மேசையில் பரப்பி, ஃபோனில் படம் எடுத்துப் பாருங்கள். கண்ணுக்குத் தப்பியது படத்தில் பிடிபடும். ஓரத்தில் இருப்பவர்கள் உள்பக்கம் பார்க்கட்டும், வெளியே பார்த்தால் பார்வை ஃபிரேமை விட்டு வழுக்கிப்போகும். ஒரே நிறம் பக்கத்துப் பக்கத்தில் வேண்டாம். மட்டை பிடித்தவர் எல்லாம் ஒரே வரிசையில் நின்றுவிட்டார்களா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜன்னலுக்கு எதிர்ச்சுவர், சமையலறை, குளியலறையை ஒட்டிய சுவர், கணப்படுப்புக்கு மேலே, இந்த இடங்கள் கூடாது. வீட்டின் நடுக் கூடத்து உட்சுவர் நல்லது. தடுப்புப் பலகை இருந்தாலும் வெளிச்சம் வெளிச்சம்தான். மெட்ரோபாலிட்டனே தன் பேஸ்பால் அட்டைகளைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி மாற்றித்தான் வெளியே வைக்கிறது. நீங்களும் இரண்டு தொகுப்பாக வைத்துக்கொள்ளலாம். ஆட்டம் தொடங்கும் வசந்தத்தில் ஒன்று, பருவத்தின் இறுதிப் போட்டிகளான உலகத் தொடர் முடிந்ததும் மற்றொன்று. ஓய்வெடுக்கும் தொகுப்பை ஒன்பது அறை பிளாஸ்டிக் தாளில் போட்டு அலமாரியில் வையுங்கள். பழைய, கொழகொழவென்று இருக்கும், வாசம் அடிக்கும் மென்பிளாஸ்டிக் ஆல்பம் மட்டும் வேண்டாம். அதிலிருந்து கசியும் எண்ணெய் அட்டையில் ஏறும்.

மாற்றும்போது ஃபிரேமின் முதுகில் ஒரு உறை ஒட்டி, உள்ளே ஒரு தாள் வையுங்கள். எந்த ஆண்டு, என்ன எண், என்ன விலை, எது ஓரம் வெட்டியது, எது மறுபதிப்பு. பென்சிலால் எழுதுங்கள்.